சதுக்கத்துச் சிலைக்குப் புதுத் தலை

எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் நின்ற ரோமப் பேரரசர் சிலைக்கு உடம்பு ஒன்றுதான். தலையை மட்டும் கழற்றி மாட்டலாம். அது கல்தச்சர் மாதூரஸின் வேலை. அவர் மனைவி லிதுகேனா கீழே நின்று கயிறு பிடிப்பாள். அவள் எனக்கு அடுத்த வீடு.

முன்பு ஒரு தலை பல வருடம் நிற்குமாம். நான் அந்த ஊருக்கு வாழ வந்த பிறகு அப்படி இல்லை. ரைன் ஆற்றுப் படை தன் தளபதியைப் பேரரசர் என்று கூவும். கிழக்கே டான்யூப் ஆற்றுப் படை தன் ஆளைக் கூவும். வந்தவர் படைக்கு வாரிக் கொடுக்காவிட்டால் அவரைக் கூடாரத்திலேயே குத்திக் கொன்றுவிடுவார்கள். செத்தவரின் தலை சதுக்கத்தில் நின்றால் ராஜத்துரோகம். சாகாதவரின் தலையை இறக்கினாலும் ராஜத்துரோகம். அதனால் மாதூரஸ் பாதி செதுக்கிய தலைகளைப் பட்டறையில் வரிசையாக வைத்திருப்பார்.

ஒரு திராட்சை அறுவடையின்போது, பேரரசரை இத்தாலியில் கொன்றுவிட்டார்கள், டான்யூப் தளபதிதான் இனி எல்லாம் என்று சேதி வந்தது. நகர்மன்றத் தலைவர் பிரிஸ்கினஸ் மூச்சிரைக்கப் பட்டறைக்கு ஓடி வந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள தலையை மாத்திடு, மாதூரஸ்."

"புதுசா வந்தவரு மூஞ்சி எப்படின்னு தெரியாதே ஐயா."

"தாடி வை. எல்லாருக்கும் தாடிதானே."

"மூக்கு?"

"நடுவுல வெச்சிடுவோம்" என்றாள் லிதுகேனா.

விளக்கேற்றும் நேரத்துக்குள் புதுத் தலை ஏறிவிட்டது.

மறுநாள் காலையில் வடக்குச் சாலையில் புழுதி எழுந்தது. ரைன் படை முழுவதும் வந்துகொண்டிருந்தது. அவர்கள் தங்கள் தளபதியைப் பேரரசர் ஆக்கிவிட்டு, டான்யூப்காரரோடு சண்டை போடத் தெற்கே போகிறார்கள். முன்னால் வந்த நூற்றுவர் தலைவன் சிலைக்கு எதிரே குதிரையை நிறுத்தினான்.

"யாரு இது?"

பிரிஸ்கினஸ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கல்தச்சன் வெச்சதுங்க. மன்றத்தை ஒரு வார்த்தை கேக்கலை."

இரண்டு வீரர்கள் மாதூரஸை இழுத்து வந்து மண்டியிட வைத்தார்கள். ஒருவன் அவர் சட்டைக் கழுத்தைக் கீழே தள்ளிவிட்டான். நூற்றுவர் தலைவன் வாளை உருவினான். நாங்கள் யாரும் அசையவில்லை. லிதுகேனா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"உங்க தளபதியேதான் ஐயா அது. பார்த்தா தெரியலையா?"

"அவரை இந்த வாரம்தான் ஆக்கினோம். உனக்கு யாரு சொன்னா?"

"ஆத்துப் பக்கத்து வண்டிக்காரன். உங்க குதிரையைவிட அவன் கழுதை வேகம்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தான். நூற்றுவர் தலைவன் சிரிக்கவில்லை. சிலையை நிமிர்ந்து பார்த்தான். வாள் அப்படியே இருந்தது.

"மூக்கு அவரோடதுதான்" என்றான் ஒரு வீரன்.

"போடா. அவரு இவ்வளவு அழகா?"

"கண்ணைப் பாருடா. சம்பளம் கேட்டா முறைப்பாரே, அதே கண்ணு."

இப்போது வரிசை முழுக்கச் சிரித்தது. கடைசியில் வாள் உறைக்குள் போனது.

"நல்ல கை. போற வழியெல்லாம் ஊர் இருக்கு, ஊருக்கு ஊர் சிலை இருக்கு. இவனை வண்டியில ஏத்து."

"அவரு எதுக்குய்யா உங்களுக்கு? அதான் தலை இருக்கே!"

"கழுத்து தப்பிச்சதுன்னு சந்தோஷப்படு, தாயே."

அவள் வண்டியின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். "எல்லாரும் தெக்க போறீங்களே, ஆத்தங்கரைக்கு யாரு காவலு?"

"ஜெயிச்சுட்டுத் திரும்பி வருவோம்."

"அதுவரைக்கும்?"

அவன் குதிரையைத் தட்டிவிட்டான். அவள் ஓடிப்போய் உளிப்பையை எடுத்து வந்து மாதூரஸின் மடியில் போட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் ரைன் ஆறு உறைந்ததும் அக்கரையில் இருந்த எதிரிகள் பனிமேல் நடந்தே வந்தார்கள். கோட்டைகளில் அவர்களைத் தடுக்க ஆளில்லை. எரிகிற ஊரை விட்டு நாங்கள் தெற்கே ஓடினோம். போன ஊரிலெல்லாம் மற்றவர்கள் ரொட்டி தேடுவார்கள். லிதுகேனா முதலில் சதுக்கத்துச் சிலையைப் பார்க்கப் போவாள். மாதூரஸுக்குக் காது செதுக்க வராது. மடல் தட்டையாக, மாவை ஒட்டியதுபோல இருக்கும்.

ஓர் ஊரில் ரைன் தளபதியின் தலை உடைந்து குப்பைமேட்டில் கிடந்தது. சிலைமேல் அவரைத் தோற்கடித்த எதிரியின் தலை இருந்தது. இரண்டுக்கும் அதே காது.

"உசுரோட இருக்காரு" என்றாள். "ஜெயிச்சவங்க புடிச்சிருக்காங்க. வேலை குடுத்திருக்காங்க."

இப்போது நாங்கள் தெற்கே ஆர்லே நகரத்தில் துணி வெளுத்துப் பிழைக்கிறோம். பேரரசரைக் கொன்றுவிட்டார்கள் என்று சேதி வந்தால் துறையில் பெண்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். மறுபடி படை வரும், தானியத்தை அள்ளிப் போகும். லிதுகேனா மட்டும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சதுக்கத்துக்குக் கிளம்புவாள். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும், வண்டியில் வந்து இறங்கும் புதுத் தலையின் தட்டைக் காதில் அவளுக்கு அவரிடமிருந்து ஒரு சேதி இருந்தது.

போன மாதமும் ஒரு புதுத் தலை ஏறியது. நானும் கூடப் போனேன். காது மடிப்பு மடிப்பாக, உயிருள்ள காதுபோல இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் அண்ணாந்து அந்தக் காதையே பார்த்தாள்.

"இத்தனை தலை செதுக்கினா காது வராமலா போகும்?" என்றாள். "கத்துக்கிட்டிருப்பாரு."