இடுப்பு உயரப் பூ

ஐஸ் கட்டிகளை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து, சமையலறை மேடைமேல் வைத்து, ரப்பர் சுத்தியலால் நாலு போடு போடுகிறார். சுத்தியல் லிஃப்ட் வேலைக்கு வாங்கியது. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியாகிவிட்டது. "பொடியாவும் ஆகக் கூடாது, கல்லாவும் நிக்கக் கூடாது. கடவாய்ப் பல் சைஸ்ல இருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, துணியைப் பிரித்துப் பார்த்து, இன்னொரு அடி கொடுக்கிறார்.

அகன்ற வாய்க் கண்ணாடிச் சாடியில் ஒரு கைப்பிடி ராஸ்பெரியும், பல் கூச வைக்கும் சின்னச் சிவப்புப் பெர்ரியும் விழுகின்றன. மரக்கரண்டியின் பின்புறத்தால் அவற்றை அமுக்குகிறார். "பழத்தை மிரட்டணும். அடிச்சுக் கொல்லக் கூடாது." அரை எலுமிச்சை பிழிகிறார். இருமல் மருந்துப் பாட்டிலோடு வந்த அளவு மூடியில் இரண்டு மூடி ஜின். கடைசியாக, இளமஞ்சள் நிறத்தில், எல்டர் என்கிற மரத்தின் வெள்ளைப் பூக்களை ஊற வைத்த பாகு. சாடியை மூடி, துண்டில் சுற்றி, காதருகே வைத்துக் குலுக்குகிறார். ஐஸின் சத்தம் எப்போது கரகரப்பிலிருந்து சலசலப்புக்கு மாறுகிறதோ அப்போது நிறுத்துவார். மோட்டார் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற காது அது.

வடிகட்டி, சோடா ஊற்றி, ஒரு வாய் உறிஞ்சுகிறார். இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. முகத்தில் திருப்தி. "ஒரு கண்ணு மூடணும். ரெண்டும் மூடினா புளிப்பு ஜாஸ்தி. ஒண்ணுமே மூடலைன்னா அது குழந்தைங்க ஜூஸ்."

ஐம்பத்தாறு வயது. லிஃப்ட் பழுது பார்க்கும் தொழிலில் இருபத்தொன்பது வருடம். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'மூணு தடவை'. கதவுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். சரி செய்த லிஃப்டில் மூன்று தடவை தானே ஏறி இறங்காமல் யாரையும் ஏற விடமாட்டார். மருமகன் கார் வாங்கியபோது, பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்த்த பிறகுதான் மகளை உட்கார அனுமதித்தார். கேலி செய்தால் கோபம் வராது. "கயிறு அறுந்தா லிஃப்ட் விழாதுங்க, அதுக்குப் பிடி இருக்கு. ஆள் அசந்தாத்தான் விழும்" என்பார்.

இந்தப் பானம் அவருக்கு வந்து சேர்ந்ததும் லிஃப்டால்தான். ஒரு ஹோட்டலில் உதிரிப்பாகம் வரும்வரை நான்கு மணி நேரம் காத்துக் கிடந்தவருக்கு, மதுக்கூடத்தில் வேலை செய்தவர் இரக்கப்பட்டு ஒரு கிளாஸ் கொடுத்தார். அந்தப் புளிப்பும் அதன் பின்னால் வந்த பூவாசனையும் நாக்கை விட்டுப் போகவில்லை. இரண்டு வருடம் விதவிதமாகக் கலந்து பார்த்து, பாகு காய்ச்சக் கற்றுக்கொண்டார். கோடை தொடங்கி மூன்று வாரம்தான் அந்தப் பூ இருக்கும். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் பறிக்க வேண்டும். கழுவக் கூடாது. "கழுவினா வாசனை மொத்தமும் சாக்கடைக்குப் போயிடும்." செய்தித்தாள்மேல் உதறிப் பூச்சிகளை விரட்டி, தடித்த காம்புகளை வெட்டிப் போட்டு, எலுமிச்சை வில்லைகளோடு சர்க்கரைப் பாகில் இரண்டு நாள் ஊற வைப்பார். ஜின் சேர்த்தால் பெரியவர்களுக்கு, சேர்க்காவிட்டால் மற்றவர்களுக்கு.

அப்படிப்பட்ட மனிதர் அசந்தது ஒரே ஒரு தடவை.

அந்த வருடம் பூப் பருவமும் அவருடைய அவசர அழைப்பு முறையும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. எந்த நேரமும் போன் வரலாம். போதாததற்கு, வழக்கமாகப் பறிக்கும் மரத்தை ரயில்பாதை ஆட்கள் வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது பழைய மில்லின் சுவரோரம் வெள்ளை வெள்ளையாகக் கொத்துகள் கண்ணில் பட்டிருந்தன. "அங்கே போய்ப் பறிச்சிட்டு வந்துடுப்பா" என்று மச்சினனை அனுப்பினார்.

மனைவியின் தம்பி பள்ளியில் ஓவிய ஆசிரியர். தங்கமான மனுஷன். ஆனால் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதைச் சாயங்காலம் யாராவது சொன்னால்தான் தெரிந்துகொள்வார். சொன்ன வேலையை அன்று மறக்காமல் செய்தார். காம்பு நறுக்கி, சுத்தமாக, ஒரு பை நிறையப் பூக்களை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். இவருக்கோ இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை, மூக்கு அடைத்த ஜலதோஷம் வேறு. "நல்லா மணக்குதுங்க" என்று மனைவி சொன்னாள். பையைக் கவிழ்த்துப் பாகில் கொட்டினார். ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளும் மருமகனும் சாப்பிட வந்தார்கள். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளை, மகளுக்கு ஐந்தாம் மாதம். ஜின் இல்லாமல் அவளுக்கென்று தனியாகக் கலந்து கொடுத்தார். புளிப்புக்கு ஏங்கிக் கிடந்தவள் இரண்டு கிளாஸ் குடித்தாள். "இன்னும் இருக்காப்பா?" என்று மூன்றாவதும் கேட்டாள். மனைவி ஜின் சேர்த்து ஒரு கிளாஸ் குடித்தாள். வேலை முறையில் இருந்ததால் இவர் ஒரு கரண்டி ருசி பார்த்ததோடு சரி. மூன்று மணிக்குப் பிள்ளைகள் சினிமாவுக்குக் கிளம்பினார்கள். உடனே இவருக்கும் போன் வந்தது. மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு மூட மறுக்கிறது.

கதவு அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். போகும்போது, தன் கருவிப் பையை எப்போதும் பத்திரமாக வைத்துத் தரும் மருந்துக்கடை அம்மாவிடம் ஒரு சின்னப் பாட்டில் பாகைக் கொடுத்தார்.

அந்த அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்டர் பூவா? நீங்களே பறிச்சீங்களா?"

"இல்லைங்க, மச்சினன்."

"அவருக்கு அந்தப் பூவை அடையாளம் தெரியும்ல? இதே மாதிரி வெள்ளைக் கொத்தா ஒரு விஷச்செடி பூக்குதுங்க. எல்டர்னா மரமா நிக்கும், பட்டை இருக்கும். விஷச்செடி இடுப்பு, தோள் உயரம்தான் வரும். பச்சைத் தண்டு, உள்ளே குழல், மேலே ஊதாப் புள்ளி." சாதாரணமாகத்தான் சொன்னார்.

இவர் உடனே மச்சினனுக்குப் போன் போட்டார். "அந்தப் பூ பறிச்சியே, மரத்துலயா, செடியிலயா?"

"மரமா செடியான்னு யாரு பார்த்தா மாமா? பூதானே கேட்டீங்க."

"உயரம் எவ்வளவு இருந்துச்சு?"

"கையை நீட்டிப் பறிக்க வசதியா இருந்துச்சு. ஒரு இடுப்பு உயரம்."

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் முகத்தைப் பார்த்ததும் மருந்துக்கடை அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். இவர் உட்காரவில்லை. மகளுக்கு அடித்தார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மருமகனுடையதும் அப்படியே. சினிமா! மனைவிக்கு அடித்தார்.

"வாய் எரியுதா உனக்கு? கை நடுங்குதா?"

"பாத்திரம் கழுவிட்டு இருக்கேன். என்ன ஆச்சு உங்களுக்கு?"

சொன்னார். மறுமுனையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. "எனக்கு ஒண்ணும் இல்லை. நான் தியேட்டருக்குப் போறேன்" என்றாள் மனைவி. அவ்வளவுதான். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் மறுகேள்வி கேட்காமல் கிளம்பியது அன்றுதான்.

"செடி எதுன்னு தெரிஞ்சாத்தான் டாக்டருங்க ஏதாவது சொல்ல முடியும். நான் ஆஸ்பத்திரியில பேசி வைக்கிறேன். நீங்க போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புங்க" என்றார் மருந்துக்கடை அம்மா.

அலுவலகத்துக்கு ஒரு வரி சொல்லிவிட்டு வேனை எடுத்தார். வழியில் மச்சினனை ஏற்றிக்கொண்டார். வண்டிக்குள் பேசிய பேச்சை எழுத முடியாது. "கண்ணுன்னு ரெண்டு எதுக்குடா வச்சிருக்க? படம் வரையற வாத்தியார், ஒரு இலையைப் பார்க்கத் தெரியாதா?" என்பது அதில் மிக மென்மையான பகுதி. மச்சினனின் உதடு மட்டும் வேண்டுதலில் அசைந்துகொண்டிருந்தது. கோபம் தீர்ந்த ஒரு கணத்தில் இவருக்கு உறைத்தது, பையைக் கவிழ்த்த கை யாருடையது என்று. அதன் பிறகு இவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

மில் சுவர் அடியில் வண்டியை நிறுத்தினார். இறங்கியதுமே கண்ணில் பட்டது. சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்தில், கேரட் இலை போன்ற இலைகளோடு, குடை குடையாக வெள்ளைப் பூ. தண்டைப் பிடித்துப் பார்த்தார். பச்சை. அதன்மேல் யாரோ மையைத் தெளித்தது போல ஊதாப் புள்ளிகள். படம் எடுக்கப் போனை வெளியே எடுத்தார்.

"இது இல்லையே மாமா" என்றார் பின்னாலிருந்து மச்சினன்.

"என்ன?"

"நான் இங்கே வரவே இல்லையே. மேல் ரோட்டுல இருந்து பறிச்சேன்."

மில் ஒரு சரிவில் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு சாலை, இங்கிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே ஓடுகிறது. இருவரும் முட்புதருக்குள் நுழைந்து, சரிவில் கையூன்றி ஏறினார்கள். மேல் சாலையின் கைப்பிடிச் சுவரருகே மச்சினன் போய் நின்றார். அவருடைய இடுப்பு உயரத்தில், கீழேயிருந்து எழும்பி வந்த ஒரு பெரிய பச்சைக் குடையின் உச்சியில், வெள்ளைக் கொத்துகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கத்தரித்த காம்பு நுனிகள் இருபது முப்பது அங்கே துருத்திக்கொண்டிருந்தன. சுவர்மேல் ஒரு கத்தரிக்கோல் கிடந்தது. கைப்பிடியில் சிவப்புச் சாயத்தால் பள்ளியின் பெயர்.

"இதையா நான் மூணு நாளா வகுப்புல தேடிட்டு இருந்தேன்!" என்றார் மச்சினன்.

இவர் காது கொடுக்கவில்லை. வயிறு சுவரில் அழுந்தக் குனிந்து கீழே பார்த்தார். சாம்பல் நிறத்தில், வெடிப்பு வெடிப்பான பட்டையோடு, தொடைப் பருமனில் ஓர் அடிமரம். ஒரு சிறுகிளையை ஒடித்தார். உள்ளே குழல் இல்லை, பஞ்சு போல வெள்ளைத் தக்கை. ஒரே காம்பில் ஐந்து இலை, எல்டருக்கு உள்ள மாதிரியே. இன்னொரு காம்பை எண்ணினார், ஐந்து. இன்னொன்று, ஏழு. படங்கள் எடுத்து மருந்துக்கடை அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, ஒரு கொத்தை மூக்கில் அழுத்திக்கொண்டார். ஜலதோஷம் விட்டிருந்தது. பழுத்த பழமும் எலுமிச்சைத் தோலும் கலந்த அந்த வாசனை நேராக உள்ளே இறங்கியது.

போன் அதிர்ந்தது. 'எல்டர்தான். சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரியிலயும் காட்டிட்டேன்' என்று எழுதியிருந்தார் அந்த அம்மா. வயிற்றில் பால் வார்த்த வார்த்தை.

அதைப் படித்து முடிப்பதற்குள் மகளின் அழைப்பு வந்தது. "அப்பா! கொலைகாரன் யாருன்னு தெரியப்போற நேரத்துல அம்மா டார்ச்சை அடிச்சுக்கிட்டு வரிசை வரிசையா என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க! தியேட்டரே எங்களைத் திட்டுது. என்னதான் நடக்குது?"

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன? பிள்ளைதான் உதைக்குது, அதுக்கும் முடிவு தெரியணும் போல."

"ஒண்ணும் இல்லைம்மா. உள்ளே போ. படத்தைப் பாரு. அம்மாவையும் பக்கத்துல உட்கார வச்சுக்கோ" என்றார். அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

வெயில் சாய்ந்திருந்தது. சாலையில் ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு போனார். மச்சினன் நடைபாதை விளிம்பில், கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்புக்கு வெளியே அனுப்பப்பட்ட மாணவனைப் போல உட்கார்ந்திருந்தார். புதரில் ஏறி வந்ததில் அவருடைய கால்சட்டை முழங்கால்வரை முள்விதைகள் அப்பிக் கிடந்தன.

இவர் எதிரே போய் நின்றார். மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மச்சினனின் கால்சட்டையிலிருந்து முள்விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார்.

"விடுங்க மாமா, நான் எடுத்துக்கறேன்."

அவர் விடவில்லை. ஒரு கால் முடிந்ததும், மற்றக் காலை இழுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார்.