ஏறுவதற்கு மட்டும் ஒரு கம்பி

கும்மிடிப்பூண்டிக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன்.

காலையில்தான் ஷெட்டில் ஃபோர்மேனோடு தகராறு. தொழிற்பேட்டை முளைத்துக்கொண்டிருந்த எழுபதுகளின் கடைசி அது. ஒரு ஷெட்டை விட்டால் பக்கத்திலேயே இன்னொன்று. நானோ ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையே விட்டவன். ஒரு வெல்டிங் ஷெட் எம்மாத்திரம்?

மெட்ராஸ் போக, பொன்னேரி வழியாக ரயில் இருந்தது. ஆனால் கோபித்துக்கொண்டு கிளம்பியவன் ஸ்டேஷனில் உட்கார்ந்து வண்டிக்குக் காத்திருந்தால் நன்றாகவா இருக்கும்? நடந்தேன்.

போன வாரம் ஒரு பேங்க் வாசலில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். இப்போதெல்லாம் பிடிக்காமல் முடிவதில்லை. பிடித்ததும் அந்த நடைதான் ஞாபகம் வந்தது...

பாதி வழியில் ஒரு மாட்டு வண்டி. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பைப் சட்டம் சரிந்து தரையில் இழுபட்டது.

"நைனா, ஒரு கை புடிப்பா!"

பிடித்தேன். வண்டியை ஓட்டிவந்தவர் முனிரத்தினம். பொன்னேரிப் பக்கம் சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர். சட்டம் அவர் வீட்டு வாசற்படிக்கான கைப்பிடிக் கம்பி. கும்மிடிப்பூண்டியில் வெல்டு வைத்து வாங்கிப் போகிறார்.

"இத்த நிக்க வைக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணே."

பாதி தெரியும். அந்த வயதில் எனக்கு எல்லாமே பாதி தெரியும்!

வண்டியில் போகும்போதே விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி சரோஜாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் தேறி, வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடக்கிறார். வாசலுக்கு மட்டும் வருவதில்லை. ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய வீடு, செங்குத்தான படிகள். ஒரு தடவை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்கினார்களாம். ஊரே பார்த்ததாம்.

"அன்னிக்கு உள்ள போனவதான். என் கால்ல எறங்கினா எறங்கறேன், இல்லன்னா இங்கயே கெடக்கறேன்னுட்டா."

கம்பி ஒரு பக்கத்துக்குத்தான். இரண்டு பக்கமும் அடைத்தால் நெல் மூட்டை ஏற்றும்போது தோள் இடிக்கும். எந்தப் பக்கம்? வீட்டெதிரே தெருவில் நின்று இரண்டு பேரும் யோசித்தோம். முனிரத்தினம் வலது கையைத் தொங்கவிட்டு, வலது காலை இழுத்து, இடது கையால் காற்றைப் பிடித்துக்கொண்டு ஏறிக் காட்டினார். பிறகு ஒரே குதியாகக் குதித்து இறங்கினார்.

"இடது பக்கம்தான். போட்ரு!"

உளியால் படியைக் கொத்தி, கம்பியின் கால்களை இறக்கி, சிமெண்ட் வைத்தேன். அது இறுகும்வரை ஈரச்சாக்கு சுற்றித் தண்ணீர் விட்டேன். களத்துக் கொட்டகையில் படுக்கை, அவர்கள் வீட்டில் நாஷ்டா. நன்றாக இறுகியதும் மெட்ராஸ் கிளம்பிவிடலாம் என்று பையைக் கட்டிவைத்தேன்.

சரோஜா அக்கா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இடது கை நீண்டது. அங்கே ஒன்றுமில்லை. கம்பி வலது பக்கம் இருந்தது.

"இன்னாய்யா இது?"

"கம்பி."

"எனக்கு எந்தக் கை வேல செய்யுது?"

"இடது கை. அதான் இடது பக்கம் போட்டுக்கீறோம்."

"தெருவுல நின்னுக்கினு பாத்தா அது இடது பக்கம். நான் ஊட்டுக்குள்ள கீறேன்யா! மொதல்ல எறங்கினாதான அப்பறம் ஏற முடியும்?"

பேச்சு கொஞ்சம் குழறியது. கிண்டல் குழறவில்லை.

"பேஜாராப் பூடுச்சே நைனா... பேத்து அந்தப் பக்கம் போட்றலாமா?" என்றார் முனிரத்தினம்.

"அப்ப ஏறும்போது இன்னா பண்ணுவேன்?" என்றார் அக்கா.

"சரி, இன்னிக்கு மட்டும் நாற்காலி..."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகம் சுருங்கியது. உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பினார். ஆனால் உள்ளே போகவில்லை. வீட்டைப் பார்த்தபடி நின்று, இடது கையைப் பின்னால் நீட்டிக் கம்பியைப் பிடித்தார். வலது காலைத் தேய்த்துக் கீழ்ப்படிக்கு இறக்கினார். இடது காலைச் சேர்த்தார். ஏணியில் இறங்குவதுபோல, பின்புறமாகவே.

முனிரத்தினம் ஓடினார்.

"தொடாத!"

என் கண் கம்பியின் அடியில் இருந்தது. சிமெண்ட் பிடித்திருக்கிறதா? பாதி தெரிந்தவன் வைத்த சிமெண்ட்! கம்பி அசையவில்லை. அடுத்த படி. அதற்கடுத்தது. கடைசியில் மண்ணில் கால் வைத்துத் திரும்பியபோது அவர் முகமெல்லாம் வேர்வை.

"ஊட்டுக்கு முதுகக் காட்டாம எறங்கினேன் பாத்தியா? மருவாதி தெரிஞ்சவ!"

மூன்று பேரும் சிரித்தோம். அக்கா எதிரே நடவு முடிந்த வயலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எறங்கியாச்சு தம்பி. இப்ப எங்க உக்கார்றது?"

அதையும் நாங்கள் யோசித்திருக்கவில்லை!

பையை அவிழ்த்தேன். வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் கல் பெஞ்சு கட்டும் வேலையை ஒப்புக்கொண்டேன். மறுநாள் காலை, இந்தத் தடவை கடப்பாரையைத் தொடுமுன் அக்காவைத்தான் கேட்டேன்: "எந்தப் பக்கம் பாத்து உக்காருவீங்க?"

"தெருவப் பாத்துதான். ஊட்டத்தான் இத்தினி மாசமா பாத்துக்கினு கீறேனே!"