தெற்கு முனையில் வெர்னாவின் வண்டி

சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்தைப் பற்றி வெர்னா என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல் வாரபில் ஊரில் வெள்ளிக்கிழமை முடியாது. தபால் நிலையமும் பத்திரிகைக் கடையும் ஒன்றாக இருக்கும் அந்தச் சின்ன இடத்தில் அவள் கல்லாவுக்குப் பின்னால் நிற்பாள். தபால்தலை வாங்க வந்தவருக்கும் பால் வாங்க வந்தவருக்கும் கேட்காமலே தீர்ப்பு கிடைக்கும்.

"நம்ம கேப்டன் லூகாஸ் இருக்கானே, தங்கம். அந்த உயரத்துக்குப் பந்து தானா வந்து கையில உக்காருது. ஆங்கஸ் குள்ளன்தான், ஆனா எந்தச் சந்துலயும் பூந்து வெளிய வந்துடுவான். பின்வரிசை பரவால்ல. முன்னாடி கம்பத்துக்கிட்ட நிக்கறானே ட்ராய், அவனப் பத்தி மட்டும் என் வாயக் கிளறாதீங்க."

யாரும் கிளற மாட்டார்கள். அவளே கிளறிக்கொள்வாள்.

அந்த வாரம் தீர்ப்பு கொஞ்சம் நீண்டது. மறுநாள் மெரிங்டன் கிளப் எங்கள் மைதானத்துக்கு வருகிறது. ஜெயித்தால் நாலாவது இடமும் அடுத்த சனிக்கிழமை அரையிறுதியும் கிடைக்கும். தோற்றால் செப்டம்பர் முழுக்க கோதுமை வளர்வதைத்தான் வேடிக்கை பார்க்க வேண்டும்.

"மெரிங்டன மடக்கிட்டா அடுத்தது டூல்கா. அவங்கள்ல பாதிப் பேருக்கு முட்டி போயிடுச்சு, ஊதித் தள்ளிடலாம். எல்லாம் இந்த ட்ராய் நேரா உதைச்சாத்தான். அந்த இடத்துல ஒரு கங்காருவ நிறுத்துனாக்கூட அதுக்காவது உதைக்கத் தெரியும்."

இதைச் சொல்லும்போது ட்ராயே பார்சல் வாங்க வரிசையில் நின்றிருந்தான். தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறவன், போன வருஷம்தான் மனைவியோடு இந்த ஊருக்குக் குடிவந்தவன், வாயில்லாப் பூச்சி. சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நாளைக்குப் பாக்கலாம் வெர்னா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பார்சலோடு போனான்.

அவன்மேல் அவளுக்குப் பகை ஒன்றும் கிடையாது. குத்திக்காட்டினால் ரோஷம் வரும், ரோஷம் வந்தால் பந்து நேராகப் போகும் என்பது அவள் கணக்கு. கிளப்புக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் மனதார நம்பினாள். புருஷன் காலின் இறந்த பிறகு அவளுக்கு உறவென்று மிஞ்சியது அந்தக் கிளப்தான். சனிக்கிழமைக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கையால் பிடித்துக் காலால் உதைக்கிற எங்கள் பக்கத்துக் கால்பந்தை வண்டியில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். மைதானத்தைச் சுற்றி வேலியில் மூக்கு முட்டுகிற மாதிரி வண்டிகள் வரிசையாக நிற்கும். முனைக்கு நாலு கம்பம்; பந்து நடுக்கம்பங்களுக்கு இடையே புகுந்தால் கோல், அதைப் போட்ட கிளப்புக்காரர்கள் எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள். தெற்கு முனையில், கம்பங்களுக்கு நேர் பின்னால், வெர்னாவின் வெள்ளை வண்டி நிற்கும். அந்த இடத்தில் வேறு யாரும் நிறுத்தத் துணிந்ததில்லை. மற்ற எவன் கோல் அடித்தாலும் நீளமாக ஒரு ஹாரன். ட்ராய் தவறவிட்டால் மட்டும் நக்கலாகக் குட்டிக் குட்டியாக ரெண்டு, பிறகு கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி ஒரு அர்ச்சனை. பக்கத்து வண்டிகளில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு வெல்லம்.

சனிக்கிழமை காற்று ஊசியாகக் குத்தியது. ஆட்டத்துக்கு நாலு பாகம்; முதல் பாகத்தில் எங்கள் பையன்கள் வடக்கு நோக்கி ஆடினார்கள். ட்ராய் ரெண்டு கோல் போட்டான். தூரத்தில் நடந்ததால் வெர்னா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரெண்டாம் பாகத்தில் முனை மாறி தெற்கே வந்தார்கள். எதிரே வெள்ளை வண்டி. ட்ராய் மூன்று முறை உதைத்தான், மூன்றும் கோணலாகப் போயின. மூன்றாவது பந்து வேலி தாண்டி அவள் வண்டிக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தது.

"டேய் ட்ராய்! கம்பம் இங்க இருக்குடா, என் வண்டிக் கண்ணாடியில இல்ல! வீட்டுக்குப் போய் உன் பொண்டாட்டிய அனுப்பு, அவ உதைப்பா!"

ஹாரன் ரெண்டு முறை குட்டியாகக் கத்தியது. சிரிப்பு வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக. அதை அவள் கவனிக்கவில்லை.

மூன்றாம் பாகத்தில் மறுபடி வடக்கு. ட்ராய் இன்னொன்று போட்டான். பாகம் முடிந்தபோது மெரிங்டன் ஒரு கோல் முன்னால் நின்றது.

கடைசி இடைவேளையில் எங்கள் ஊரில் யாரும் வண்டிக்குள் இருக்க மாட்டார்கள். வேலி தாண்டி மைதானத்துக்குள் போய், ஆட்டக்காரர்களைச் சுற்றி வளையமாக நின்று, கோச் மார்க்கஸ் பேசுவதைக் கேட்பார்கள். வெர்னாவும் போனாள், எப்போதும்போல இடித்துத் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு. பையன்கள் உடம்பிலிருந்து ஆவி பறந்தது. ட்ராய் தலையைக் குனிந்து ஆரஞ்சுச் சுளையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

மார்க்கஸ் விரலை நீட்டி ஒவ்வொருவனுக்கும் இடம் சொன்னான். "ட்ராய், நீ பின்வரிசைக்குப் போ. லூகாஸ், முன்னாடி நீ நில்லு."

வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. ஆட்டம் தெரிந்தவள் அல்லவா?

"என்ன மார்க்கஸ், மூளை கலங்கிடுச்சா? லூகாஸ நடுவுலேந்து எடுத்தா பந்த யாரு பிடிப்பா? ட்ராய் இன்னிக்கு மூணு போட்டிருக்கான், அவனப் போயி பின்னால தள்றே?"

அவளே ட்ராய்க்காகப் பரிந்து பேசிவிட்டாள். அது அவளுக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மார்க்கஸ் தன் காலணியைப் பார்த்தான். ஆங்கஸ் தண்ணீர்க் குப்பியின் மூடியைத் திருகித் திருகி மூடினான்.

"சொல்லேன். என்ன காரணம்?"

லூகாஸ்தான் வாயைத் திறந்தான். அவள் தங்கம் என்று ஊரெல்லாம் சொல்லும் லூகாஸ்.

"மூணும் வடக்குல போட்டது வெர்னா. கடைசிப் பாகம் தெற்குல. அங்க நீங்க இருக்கீங்க."

"நான் இருந்தா என்னடா?"

"உங்க ஹாரன் எப்ப அடிக்குமோன்னு நெனச்சுக்கிட்டே அவன் ஓடி வரான். இந்த வருஷம் அந்த முனையில அவன் ஒண்ணுகூடப் போடல. வியாழக்கிழமை பயிற்சியில, ஆள் இல்லாதப்ப, அதே முனையில பத்துக்கு ஒம்போது போடறான். எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட சொல்லத்தான் யாருக்கும் வாய் வரல."

ட்ராய் ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றான். "விடு லூகாஸ்" என்றான், மெதுவாக. "அவங்க விளையாட்டுக்குத்தானே சொல்றாங்க."

அதுதான் அவளைக் கொன்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டத் தெரிந்தவள் அவள். எல்லாருக்கும் தெரியும் என்றால், அவ்வளவு நாள் பக்கத்து வண்டிகளில் சிரித்தவர்களுக்கும் தெரியும். கிளப்பில் தேநீர் ஊற்றுகிறவர்களுக்கும் தெரியும். கிளப்பைத் தோளில் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவள், அதன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கூசிப்போனது. கம்பளிக் கழுத்துத்துணிக்குள் காது ரெண்டும் பற்றி எரிந்தன.

வளையம் அவளுக்கு வழிவிட்டது. வண்டி வரைக்கும் நடக்கிற தூரம் ஒரு ஊர் தூரமாக இருந்தது. அவள் ஏறி, வண்டியைப் பின்னால் எடுத்து, வரிசையை விட்டு வெளியேறினாள். ஆட்டத்தின் நடுவே வண்டியை எடுப்பவரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்தார்கள். பையன் நிம்மதியாக உதைக்கட்டும் என்றுதான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தக் கண்களுக்கு முன்னால் உட்கார முடியவில்லை.

வாசலைத் தாண்டிச் சாலையோரம் நிறுத்தினாள். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அங்கிருந்து பார்த்தால் கம்பங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. சைரன் ஊதியது, கடைசிப் பாகம் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஹாரன்கள் அடித்தன. யார் போட்டது? மெரிங்டன்காரர்களும் வண்டிகளோடுதான் வந்திருக்கிறார்கள். வெளியே நிற்கிறவளுக்கு எல்லா ஹாரனும் ஒன்றுதான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி ஹாரன்கள். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, கூட்டத்தின் இரைச்சல் மட்டும். பிறகு ஒருமுறை, இதுவரை கேட்காத அளவுக்கு, ஓயாமல் அடித்தார்கள். அதன்மேலேயே சைரனும் ஊதியது.

ஜெயித்த அணி உடைமாற்றும் அறையில் தோளில் கைபோட்டு நின்று தன் கிளப் பாட்டைக் கத்தும். தோற்றவர்கள் அறையில் சத்தமே இருக்காது. வெர்னா கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தாள். தகரக் கூரையைப் பிளந்துகொண்டு பாட்டு வந்தது. வாரபில் பாட்டு. ஒவ்வொரு வெற்றிக்கும் அந்த அறை வாசலில் நின்று எல்லோரையும்விட உரக்கப் பாடியவள் அவள்தான். இப்போது உதடு அசைந்ததே தவிர ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

வாசலில் சீட்டுக் கிழிக்கும் ஹெர்பி கதவைச் சாத்த வந்தவர், வண்டியைப் பார்த்து அருகே வந்தார். அவளுக்கு எத்தனையோ வருஷப் பழக்கம்.

"இங்கேயா இருக்கே வெர்னா? கடைசிக் கோலப் பாக்காமப் போயிட்டியே. உன் இடத்துக்கு நேரா, அம்பு மாதிரி உள்ள போச்சு."

"லூகாஸா?"

"ட்ராய். உன் வண்டி போனதப் பாத்துட்டு மார்க்கஸே அவன மறுபடி முன்னாடி நிறுத்திட்டான். ரெண்டு உதைச்சான், ரெண்டும் உள்ள."

வெர்னா தலையாட்டினாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவள் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது, அவள் இல்லாமல் போனதால் நடந்துவிட்டது.

"ஹெர்பி, பாட்டுப் பாடறப்ப யாராவது என்னக் கேட்டாங்களா?"

ஹெர்பி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"ட்ராய் கேட்டான்."

"அவன் மட்டுமா?"

"அவன் மட்டும்தான். வெர்னாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, கடைசி சைரனுக்கு முன்னாடி அவங்க போனதே இல்லையேன்னு கேட்டான். பாத்துட்டு வரச் சொன்னான்."

வெர்னா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். ஹெர்பி அங்கேயே நிற்பது தெரிந்தும், முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள்.