மூடியைத் தட்டித் திறந்தவர்

ஜார்ஜ்டவுனில் எங்கள் சந்துக் கழிவுநீர்க் குழாயில் அடைப்பெடுக்க வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், நெற்றியில் கலையாத விபூதி. இரும்பு மூடியைத் திறக்குமுன், விருந்துக்கு வந்தவர் கதவைத் தட்டுவதுபோல, கம்பியால் மூன்று முறை தட்டினார்.

"உள்ள கரப்பான் குடும்பமா இருக்கும் அண்ணே. சொல்லாம தொறந்தா நம்ம மேலதான் ஏறும்," என்றார்.

அப்போதுதான் கழிவுநீர்க் கட்டணம் சில ரிங்கிட் ஏறியிருந்தது. பில்லை அவரிடமே நீட்டினேன். "கண்ணுக்கே தெரியாத குழாய்க்கு இத்தனை வெள்ளியா? காசெல்லாம் எங்க போகுது?"

அவர் கோபப்படவில்லை. பில்லையும் வாங்கவில்லை. டார்ச்சை என்னிடம் நீட்டினார்.

"கொழாயெல்லாம் நம்ம ரெண்டு பேருக்கும் மூத்தது அண்ணே. வெடிச்சு, வேர் எறங்கிக் கெடக்கு. தலைய விட்டுப் பாருங்க லா. நான் கால புடிச்சிக்கிறேன்."

கிண்டலாகச் சொல்லவில்லை. என் காலைப் பிடிக்கத் தோதாக ஏற்கெனவே குந்திவிட்டார்.

"பல் டாக்டர பாக்கப் போகணும்," என்றேன்.

"போய்ட்டு வாங்க. நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

நாலரை வரை கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் பில் வந்த அன்றே கட்டிவிடுகிறேன். ஆனாலும் சந்தில் இரும்பு மூடியை யாரோ மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டால், எனக்குப் பல் வலிக்கத் தொடங்கிவிடுகிறது.