கரைவலைக் கயிறு இழுத்த எங்கள் வான்

காலை ஆறு மணிக்கு வவுனியாவிலிருந்து வெளிக்கிட்டோம். கூட்டாளி சிவநேசனின் பழைய வானை நான்தான் வீடாக்கியிருந்தேன். இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு பலகைக் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்க் கலன். என் கைவேலை என்பதற்காகச் சொல்லவில்லை, கொழும்பில்கூட இப்படியொன்று கிடையாது. "முதல்ல முருங்கன் போய்ச் சேருவம், பிறகு புளுகு மச்சான்" என்றான் சிவநேசன்.

வழியில் சோதனைச்சாவடி. இது வீடா வாகனமா என்று கேட்ட சிப்பாய், கட்டிலில் ஒருமுறை இருந்து பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்பினான். எனக்கு இன்னும் தலை கனத்தது.

எட்டரைக்கு முருங்கனில் பிளேன்டீ, இருபது ரூபாய். அங்கிருந்து கடற்கரைக் கிராமமான அரிப்புக்கு இருபது கிலோமீற்றர் வராது, ஆனால் கிரவல் பாதை எலும்பை எண்ணிப் பார்த்தது. இருபுறமும் உடைமரமும் பற்றையும். மிதிவெடிப் பலகை கண்ட இடமெல்லாம் சிவநேசன் நடுப்பாதையை விட்டு விலகவேயில்லை.

அரிப்பில் எங்கள் கூட்டாளி அன்ரன் இருக்கிறான். அகதி முகாமில் மூன்று பேரும் ஒரே தறப்பாள் கூடாரத்தில் படுத்தவர்கள். தான் ஊர் திரும்பினால் நாங்கள் முதலில் தன் வீட்டில் வந்து தங்கவேண்டும் என்று அங்கேயே சத்தியம் வாங்கியிருந்தான். மீள்குடியேறியும் வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது, குடும்பம் தகரக் கொட்டிலில் என்று கேள்விப்பட்டோம். அவனுக்குப் பாரமாக இருக்கக்கூடாதென்றுதான் படுக்கையும் அரிசியும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போனோம். எவ்வளவு கெட்டிக்காரர்கள் நாங்கள்!

அன்ரன் அயர்ன் பண்ணிய சேட்டோடு வாசலில் நின்றான். கொட்டிலுக்குள் இரண்டு புதுப்பாய் விரித்திருந்தது. வானுக்குள் எட்டிப் பார்த்தவனின் முகம் சுருங்கிப்போனது.

"எல்லாத்தையும் கொண்டந்திட்டியள். என்ர வீட்டில உங்களுக்கு இனி என்ன வேலை?"

வெட்கம் தாங்காமல், வானைக் கடற்கரைப் பக்கம் விடுவோம் என்று சிவநேசனைக் கிளப்பினேன். நூறு யார் போகவில்லை, பின்சில்லு இரண்டும் மணலில் புதைந்தன. எஞ்சினை உறுமவிட உறுமவிட இன்னும் கீழே போனது.

அப்போதுதான் ஊர்ச் சனம் கரையில் நின்று இழுக்கும் கரைவலையை ஏற்றி முடித்திருந்தது. அன்ரன் கூப்பிட்டதும் ஆணும் பெண்ணுமாக இருபது பேர் வடக்கயிற்றோடு வந்து வானில் கட்டினார்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாவை ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாட, வலை வருவதுபோலவே வான் அசைந்து அசைந்து மேலே வந்தது. எல்லாம் இழந்து வந்த சனம். அந்தத் தோள்களைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அன்ரன் கயிற்றை அவிழ்க்கவில்லை. "கரைவலையில ஒரு வழமை இருக்கு. கயிறு பிடிச்சு ஏத்தினது இழுத்த ஆக்களுக்குத்தான். வான் இண்டைக்கு எங்கட பாடு, வலையில விழுந்த மீன் மாதிரி. அரிசியும் எங்கட, கட்டிலும் எங்கட. நீங்கள் இரண்டு பேரும் வெறுங்கையோட வந்தனீங்கள். வீட்டுக்கு வாங்கோடா."

சிவநேசன் வானின் திறப்பை உருவி அவன் கையில் வைத்தான்.

எங்கள் மூட்டை அரிசி அன்று மத்தியானம் அன்ரனின் அரிசியாக வெந்தது. கயிறு பிடித்த அத்தனை பேரும் மீன்குழம்போடு சாப்பிட்டார்கள்; எங்களுக்குத்தான் முதல் சோற்றுக் கோப்பை. இரவு அவன் பிள்ளைகள் வான் கட்டிலில் படுத்தார்கள். நாங்கள் கொட்டிலில், புதுப்பாயில்.

காலையில் திறப்பைத் தந்தான். "இரவலாத்தான் தாறன். அடுத்த முறை எங்கட வானைத் திருப்பிக் கொண்டு வாங்கோ."

வவுனியாவில் வானைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆருடையது என்று இப்போதும் கேட்கிறார்கள். அரிப்பிலிருக்கும் அன்ரனுடையது என்று தலை நிமிர்த்திச் சொல்கிறேன்.