இரண்டாவது ஞானஸ்நானம்

சவுக்குத்தோப்புக்குள் உப்பு லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்கம் ஒரு தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் பெண்கள் புடவை மாற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் உப்பளக் குடியிருப்பின் கோவிலில் நீலப் புடவையில் பாடியவர்கள், மத்தியானம் வேறொரு ஊர்ச் சபையாராக மஞ்சள் புடவையில் பாட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த விருந்தினர் இரண்டு சபைகளையும் ஒரே நாளில் பார்க்கப்போகிறார்கள். அவர்களுக்கு நம் ஜனங்களின் முகம் பிரித்துத் தெரியாது, புடவையின் நிறம்தான் தெரியும் என்பது ஐயரின் துணிச்சல். அவர் நாகரிகமாக லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் நான். எழுபதுகளின் பிற்பாதியில் ஒரு சனிக்கிழமை அது.

எங்கள் லுத்தரன் சபைகளில் போதகரை ஐயர் என்றும் தேவாலயத்தைக் கோவில் என்றும்தான் சொல்வோம். மரக்காணத்தைச் சுற்றியிருந்த கிராமங்களில் மிஷன் வேலை முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். வெள்ளைக்காரர்கள் வந்தால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போவார். காரில் முன்சீட்டில் உட்காரவைப்பார். அந்த முன்சீட்டு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் மஞ்சளில் இறங்கி வந்தார்கள். கடைசியாக வந்த அத்தை மட்டும் நீலத்திலேயே இருந்தார். உப்பளக் குடியிருப்பில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அத்தைதான். எனக்கும் அப்படியே ஆகிவிட்டார். மஞ்சள் புடவை மடிப்புக் கலையாமல் அவர் கையில் இருந்தது. ஐயர் கேட்டபோது, "ஈரமா இருக்குதுங்க ஐயரே" என்றார். அது ஈரமாக இல்லை. நேரமாகிவிட்டதால் ஐயர் விட்டுவிட்டார்.

அத்தையைப் பற்றி நான் அறிந்தது இவ்வளவுதான். அவர் பதினோரு வயதில் உப்புப் பாத்தியில் இறங்கியவர். பலகை போட்டு உப்பை வாரிக் கூட்டுவதும் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவதுமாக முப்பது வருஷம். உப்புநீரில் நின்று நின்று அவர் பாதங்கள் வெடித்து, வெடிப்புகளில் வெள்ளை படிந்திருக்கும். சைக்கிளில் வந்துபோன ஒரு உபதேசியார் பாத்தி வரப்பில் நின்று ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க, இவர் உப்பு வாரிக்கொண்டே கேட்டு மனப்பாடம் செய்தார். குடியிருப்பில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தவர் அவர். கழிவெளி என்ற உப்பங்கழியின் தண்ணீர் ஏறாதபடி கோவிலுக்கு மேடு போட வேண்டியிருந்தபோது, மற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு உப்புக் கூடையிலேயே மண் சுமந்தார். கீற்றுக் கொட்டகைதான், ஆனால் அது அவர்கள் தலையில் ஏற்றி வந்த மண்ணின்மேல் நின்றது.

ஞானஸ்நானம் எடுத்ததில் என்ன மாறியது என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். படித்தவன் கேட்கும் அசட்டுக் கேள்வி. அவர் யோசிக்காமல் சொன்னார்: "பேரு வந்துச்சு தம்பி. அதுக்கு முன்னாடி மொதலாளி வூட்டுப் புள்ளைங்க கூட ஏய்னுதான் கூப்புடும். இங்க, தண்ணி ஊத்தும்போது, எல்லார் முன்னாடியும் பேரு சொன்னாங்க. கர்த்தர் அதைக் கேட்டாருல்ல."

இனி அந்த இரண்டாவது ஊர். கழிவெளிக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அங்கே சில குடும்பங்கள் சபையில் சேர்வதாக இருந்தன. கிணறு வெட்டித் தருவதாக ஐயர் சொல்லியிருந்தார். கிணறு வரவில்லை; குடும்பங்களும் வரவில்லை. ஆனால் அதற்குள், அங்கே ஒரு சபை வளர்ந்து வருவதாக வெளிநாட்டுக்கு அறிக்கை போய்விட்டது. அந்த அறிக்கையை இங்கிலீஷில் எழுதியவன் நான். எழுதும்போது அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்யவுமில்லை. கூரையில்லாத நாலு சுவர் நின்றிருந்தது. அதற்குள் மிஷன் ஆட்கள் பந்தல் போட்டு, மாவிலை கட்டி, ஆளுக்காகக் காத்திருந்தார்கள். ஆட்களை நாங்கள் லாரியில் கொண்டுபோனோம். விருந்தினர் அதுவரை கூனிமேட்டுப் பக்கம் கடற்கரையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு நன்றாகவே நடந்தது. பிறகுதான் ஐயர் என்னிடமும் சொல்லியிராத ஒன்றைச் செய்தார். எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இந்தச் சபையின் முதல் ஞானஸ்நானத்தை விருந்தினர் கண்ணாலேயே பார்க்கப்போகிறார்கள் என்று அறிவித்தார். நான் மொழிபெயர்த்தேன். விருந்தினரில் மூத்த பெண்மணி கையை மார்பில் வைத்துக்கொண்டார். ஐயர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதில் எழுதியிருந்த ஒரு பெயரை வாசித்து, அத்தையைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஒற்றை நீலமாக நின்றவரே அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அது அத்தையின் பெயரல்ல.

அத்தை முன்னால் வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு, சத்தம் போடாமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எனக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆயிடுச்சுங்க ஐயரே. ஒரு தரந்தான்னு நீங்கதான கோவில்ல சொல்லிக் குடுத்தீங்க. எனக்குப் பேரு இருக்குது."

ஐயர் சிரித்த முகத்தை மாற்றாமல், "சும்மா நில்லு. சபைக்காகத்தான்" என்றார்.

"வேணாங்க" என்றார் அத்தை.

அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஐயர் என்னைப் பார்த்தார். அத்தையும் என்னைப் பார்த்தார். எனக்கு யோசிக்க நேரமிருந்தது. நேரமில்லாமல் உளறிவிட்டேன் என்று சொல்ல முடியாது. "இந்த நாளுக்காகப் பல வருஷம் காத்திருந்ததாகச் சொல்கிறார்" என்று நல்ல இங்கிலீஷில் சொன்னேன்.

பெண்மணியின் கண் நிறைந்துவிட்டது. அத்தைக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் தான் சொன்னதைக் கேட்டவர் யாரும் இப்படிச் சந்தோஷப்பட்டு அழ மாட்டார் என்பது அவருக்குத் தெரிந்தது. என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வெளியே நடந்தார். எங்கே போகிறார் என்று மறுபடி கேள்வி வந்தது. சந்தோஷம் தாங்காமல் போகிறார் என்றேன். முதல் பொய்க்குத்தான் தைரியம் தேவைப்பட்டது. பெண்மணி பின்னாலேயே ஓடிப்போய், வெயிலில் நின்ற அத்தையைக் கட்டிக்கொண்டார். அத்தையின் இரண்டு கைகளும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. யாரோ போட்டோ எடுத்தார்கள்.

திரும்பும்போது காரில் ஐயர் என் தோளைத் தட்டி, "நல்லா சமாளிச்சீங்க சார்" என்றார். விருந்தினரை வழியனுப்பும்போது குடித்த இளநீரின் வாசனை அந்தக் கையில். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரம் நான் குடியிருப்புக்குப் போனேன். அத்தை கோவில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோதும் அவர் விளக்குமாற்றை நிறுத்தவில்லை. "நீ அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு தம்பி. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது" என்றார். அன்றே அந்தப் பெண்மணிக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அவருடைய மிஷன் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஊழியர்களுக்குள் மனத்தாங்கல்கள் வருவது சகஜம், ஐயருடன் சேர்ந்து ஜெபியுங்கள் என்று அன்பாக எழுதியிருந்தார்கள். என் கடிதத்தை ஐயருக்கே அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். கூடவே அந்தப் போட்டோவின் ஒரு பிரதி. பலருடைய உள்ளத்தை அது தொட்டதாம்.

ஐயர் என்னை ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு இங்கிலீஷ் வாத்தியார் வேண்டியிருந்தது. அத்தையைத்தான் சபை ஒழுங்குக்குக் கீழ்ப்படியாதவர் என்று திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்தார். மன்னிப்பு எழுதிக் கைநாட்டு வைத்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அத்தை வைக்கவில்லை. குடியிருப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளிநாட்டு உதவியில் அவர்கள் கோவிலுக்கும் கீற்றுக்குப் பதிலாக ஓடு வந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் கோவிலுக்கு வந்தார். மற்றவர்கள் திருவிருந்தின் அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும் முன்னால் முழங்கால் போடும்போது, தான் மண் சுமந்து போட்ட மேட்டில், கதவோரம் உட்கார்ந்திருந்தார். ஐயர் மாற்றலாகிப் போன பிறகும் அந்தத் தடையை எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் ஞாபகப்படுத்தியிருக்கலாம். அதற்குள் எனக்குத் தலைமையாசிரியர் பதவி வந்திருந்தது. அத்தை அப்படியே இறந்தார்.

எனக்கு இன்னும் செரிக்காதது ஒன்று உண்டு. அந்தப் போட்டோவைப் பார்த்து வந்த உதவியில் இரண்டாவது ஊருக்குக் கிணறு வந்தது, கூரை வந்தது, பிறகு ஜனங்களும் வந்தார்கள். இன்று அது உண்மையான சபை. நல்ல மனிதர்கள். போன வருஷம் அவர்கள் ஆண்டுவிழாவுக்கு, பழைய ஊழியன் என்று என்னைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். முன்சுவரில் அந்தப் போட்டோ சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எங்கள் சபையின் முதல் விசுவாசி என்று எழுதி, கீழே ஐயர் தாளிலிருந்து வாசித்த அந்தப் பெயரைப் போட்டிருந்தார்கள்.

மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, மைக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. சபையின் போதகர் தர்மசங்கடமாகச் சிரித்து, ஐயாவுக்கு வயதாகிவிட்டது, பிரியாணி ஆறிக்கொண்டிருக்கிறது என்றார். நாற்காலிகள் இழுபட்டன. பாடகர் வரிசையில் இருந்த ஓர் இளம்பெண் மட்டும் என் அருகில் வந்தாள்.

"அந்தம்மா கடைசி வரைக்கும் திருவிருந்து எடுக்கவே இல்லீங்களா ஐயா?"

"இல்லம்மா."

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கேட்டாள்: "அத்தனை வருஷமும் நீங்க எடுத்தீங்களா?"

எடுத்தேன் என்றேன்.