ஐந்து நிமிடம் போதும்

செவ்வாய்க்கிழமை காலை கேன்டீனில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தபோது படகுக்காரர் கரீம் பாய் அழைத்தார். "மலர், குணா அண்ணன் போயிட்டாரு. நம்ம படகுலதான்." எப்படி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

குணசேகரன் அவர்கள் மின்படகுகளுக்கான இன்வெர்ட்டரை வடிவமைத்த மூத்த பொறியாளர். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அந்தப் பெட்டியைக் குருண் ஊர்த் தொழிற்சாலையில் அவர் வரைவார், நான் சோதிப்பேன். பதினோரு வருடம். அவருக்கு நல்ல வாய் கிடையாது. எல்லோர் முன்னாலும், "மலர், இது டெஸ்ட் ரிப்போர்ட்டா, ஜாதகமா?" என்பார். நாசமாய்ப் போக என்று மனசுக்குள் எத்தனையோ முறை சபித்திருக்கிறேன். போய்விட்டார்.

பெட்டியைத் திறக்கும்போது இடக்கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். "ரெண்டு கையும் பட்டா கரண்டு நெஞ்சு வழியா போகும். ஒரு கை பையில இருந்தா பொழைச்சுக்கலாம் லா." அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கும். அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர் வைத்திருந்தார். அது இருந்தால் ஐந்து நிமிடம் போதும். இல்லாவிட்டால் மணிக்கணக்கில் உள்ளேயே காத்திருக்கும்.

சென்ற ஆண்டு அந்த ரெசிஸ்டர் சூடேறி மின்சுற்றுப் பலகையைக் கருக்கியது. மாற்றி வரைய நேரமில்லை, கழற்றிவிட்டு அனுப்பலாம் என்றார் மேலாளர். குணா அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "திறக்கிறவன் செத்தா நீங்களா வந்து தூக்குவீங்க?" அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய நாற்காலியை எனக்குத் தருவதாகச் சொன்னார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு பெண்டாங் ஊரிலுள்ள வீட்டிலிருந்து படகுத்துறைக்குப் போய்ப் பழுதுபார்த்து வந்தார். மாதம் தவறாமல் என்னை அழைப்பார். நலமெல்லாம் விசாரிக்க மாட்டார். "ரெசிஸ்டர் போட்டாச்சா?" தொல்லை விட்டால் போதும் என்று ஒருநாள், "எல்லாத்துலயும் போட்டாச்சு அண்ணே," என்றேன். "பரவால்லயே, உனக்கும் முதுகெலும்பு இருக்கு லா," என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

மீதியைக் கரீம் பாய் சாவு வீட்டில் சொன்னார். "உள்ள கரண்டு இருக்கான்னு பாக்குற மீட்டர் தண்ணியில விழுந்துருச்சு மா. வேற எடுத்துட்டு வரவான்னு கேட்டேன். 'வேணாம் பாய், மலர் போட்டுட்டா. அஞ்சு நிமிஷம் போதும்'னாரு. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு." இடக்கை பையில்தான் இருந்ததாம். வலக்கை பெட்டிக்குள் செம்புப் பட்டையைத் தொடும் நேரம் பக்கத்தில் வேறொரு படகு போக, அலையில் இது ஆடியிருக்கிறது. பிடிமானத்துக்கு வெளியே வந்த இடக்கை, அடுத்த பட்டையைப் பிடித்துவிட்டது.

தொழிற்சாலை அனுப்பிய மலர்வளையத்தில் 'பாதுகாப்பின் காவலருக்கு' என்று எழுதியிருந்தது. அதைச் சுமந்துபோனவள் நான். அவர் மனைவி சாந்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பேச்சைத்தான் மா கடைசியா நம்புனாரு," என்று அழுதார். வளையத்தைக் கால்மாட்டில் வைத்துவிட்டு நகர்ந்தேன். இப்போது சொல்கிறேன். அக்கா, நான் போடவில்லை. கரீம் பாய், மற்றப் படகுகளில் ஒரு பெட்டியையும் திறக்க விடாதீர்கள்.

சவப்பெட்டிக்குள் அவருடைய இரண்டு கட்டைவிரல்களையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். என்னைக் கும்பிடுவதுபோல் இருந்தது.

அந்தக் கும்பிடு எனக்கு வேண்டாம் அண்ணே. போங்கள்.